5 லட்சம் கட்டி 25 வருட ரிசார்ட் மெம்பர்ஷிப் வாங்கலாமா?

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பெரிய பிள்ளை இரண்டாம் வகுப்பு, சின்னது எல்கேஜி. மாலில் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருப்பதாக போன் வந்து, ஒரு ஹோட்டலுக்குப் போயிருக்கிறார்கள். வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம், எல்லா வரியும் சேர்த்து 5 லட்சம். அதற்கு மேல் வருடாவருடம் பராமரிப்புச் சந்தா, இப்போதைக்கு 20,000. முன்பணம் 50,000 கட்டினால் மீதி ஈஎம்ஐ. "வாங்கலாமா, இதில் லாபம் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் "வேண்டாம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டால், அடுத்த முறை வேறொருவர் இன்னும் நன்றாகப் பேசும்போது மனசு மாறிவிடும். அதனால் கணக்கை முழுசாகப் பார்த்துவிடலாம்.

முதலில், என்ன வாங்குகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். இந்தியாவில் டைம்ஷேர் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் தங்கும் உரிமை மட்டுமே. பத்திரப் பதிவு கிடையாது, பட்டா கிடையாது, அந்த ரிசார்ட்டின் ஒரு செங்கல்கூட உங்கள் பெயருக்கு வராது. 25 வருட ரூம் வாடகையை ஒரு கம்பெனிக்கு அட்வான்ஸாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். "சொத்து", "இன்வெஸ்ட்மென்ட்" என்ற வார்த்தைகள் அந்த மேஜையில் வந்திருந்தால் அவற்றை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். தங்காவிட்டால் லாபத்தோடு பணம் திரும்பும் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுவது நல்லது. பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் அப்படித்தான் அறை இரவுகளைத் திட்டமாக விற்றது. அது பலரிடம் பணம் திரட்டி நடத்தும் கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2016-ல் முடிவு செய்து, திரட்டிய 7,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. போட்டவர்கள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

ஒழுங்காக நடக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டெர்லிங் 1986-ல் சென்னையில் ஆரம்பித்தது. மகிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் வந்து, கிளப் மகிந்திரா என்ற பெயரில் நாடு முழுக்க ரிசார்ட் நடத்துகிறது. இவர்களிடம் சந்தோஷமாகப் போய்வரும் குடும்பங்கள் நிறைய. ஆகவே "எல்லாம் மோசடி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. உண்மையான கம்பெனி, உண்மையான ரிசார்ட் என்றே வைத்துக்கொண்டு, இந்த விலைக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்போம்.

அந்த மேஜையில் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார்கள். அது அநேகமாக இப்படி இருக்கும்: நல்ல ரிசார்ட்டில் ஒரு இரவு 8,000. ஏழு இரவுக்கு 56,000. 25 வருடத்துக்கு 14 லட்சம். "இது இன்றைய வாடகை சார், வருஷம் 10 சதவீதம் ஏறும்" என்று சொல்லி மொத்தத்தை 55 லட்சமாக்கி, அதை வட்டம் போட்டிருப்பார்கள். பக்கத்தில் உங்கள் 5 லட்சம். பார்த்தவுடனே மலைத்துப்போகும்.

பெருக்கலில் தப்பு இல்லை. தப்பு, அந்தத் தாளில் எழுதாமல் விட்டதில் இருக்கிறது. வாடகைக்கு 10 சதவீதம் ஏற்றியவர் வருடச் சந்தாவுக்கு ஒரு சதவீதம்கூட ஏற்றவில்லை. சந்தாவும் ஏறும். அடக்கமாக 6 சதவீதம் என்று வைத்தாலும் 25-வது வருடம் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 81,000. மொத்தமாகக் கூட்டினால் சந்தா மட்டும் 11 லட்சத்தைத் தொடும். நீங்கள் ஒரு நாள்கூடத் தங்காத வருடத்துக்கும் இதில் விலக்கு கிடையாது. அடுத்து, உங்கள் 5 லட்சம் சும்மா இருக்கும் பணம் இல்லை. 7 சதவீதத்தில் வளர்ந்தால் அதே 25 வருடத்தில் 27 லட்சம் ஆகும். வாடகைக்கு மட்டும் பணவீக்கம் உண்டு, உங்கள் பணத்துக்கு வளர்ச்சி கிடையாது என்ற ரீதியில் போட்ட கணக்கு அது.

சரியான முறையில் போட்டால் என்ன வரும்? வாடகை, சந்தா இரண்டும் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது, உங்கள் பணம் வரி போக 7 சதவீதம் வளர்கிறது என்று வைப்போம். எல்லாவற்றையும் இன்றைய ரூபாய் மதிப்புக்குக் கொண்டுவந்தால் அந்த 5 லட்சம் என்பது வருடத்துக்குச் சுமார் 22,500 ரூபாய்ச் செலவு. சந்தா 20,000 சேர்த்தால் 42,500. ஏழு இரவால் வகுத்தால் ஒரு இரவுக்கு ஏறக்குறைய 6,100 ரூபாய். பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு 10 சதவீதம் எடுக்கக்கூடியவர் என்றால் ஒரு இரவு 7,300 ஆகிவிடும்.

இந்த எண் அவ்வளவு மோசமில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மைதான். ஒரு படுக்கையறை, சின்ன சமையல் மேடை, ஹால் எல்லாம் உள்ள நல்ல ரிசார்ட் அறைக்கு 6,000, 7,000 என்பது நியாயமான விலை. ஆனால் அது 25 வருடமும், ஒரு வருடம் விடாமல், ஏழு இரவையும் தங்கினால் வரும் விலை. சராசரியாக நாலு இரவுதான் தங்க முடிந்தது என்றால் முதல் கணக்கில் 10,600, இரண்டாவதில் 12,800. அந்தக் காசுக்கு இன்றைக்கு எந்த ஊரிலும் வேண்டிய தேதிக்கு நல்ல ஹோட்டலாகப் பார்த்து எடுத்துவிடலாம், 25 வருடக் கட்டு எதுவும் இல்லாமல்.

ஆகவே "ரூம் வாடகை எவ்வளவு ஏறும்?" என்பது முக்கியமான கேள்வி இல்லை. உங்கள் வீட்டுக் காலண்டரில் எத்தனை இரவு, எந்த மாதத்தில் நிஜமாகவே கிளம்ப முடியும் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மெம்பர்ஷிப்பை யாருக்கு அதிகமாக விற்கிறார்களோ, அதாவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் முப்பது, நாற்பது வயதுத் தம்பதிகள், அவர்களுக்குத்தான் காலண்டர் ரொம்ப இறுக்கம்.

ஒரு அறைக்கு வருடத்தில் 52 வாரம். பிள்ளைகள் உள்ள குடும்பம் வெளியூர் போகக்கூடிய வாரங்களை எண்ணிப் பாருங்கள். கோடை விடுமுறையில் ஐந்தாறு வாரம், காலாண்டுத் தேர்வு லீவு, அரையாண்டு லீவு, பொங்கல் சமயம். எப்படி இழுத்தாலும் ஒன்பது பத்து வாரத்தைத் தாண்டாது. மீதி நாற்பது வாரத்தையும் அந்தக் கம்பெனி யாருக்காவது விற்றுத்தான் இருக்கும். அத்தனை பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்றால், அத்தனை பேருக்கும் அந்தப் பத்து வாரம்தான் வேண்டும். மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மே மாதத்தில்தான் நீங்களும் அறை கேட்கப் போகிறீர்கள்.

இதைச் சமாளிக்கத்தான் சீசனுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். கிளப் மகிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நாலு. பர்ப்பிள் உச்ச சீசன், விலையும் அதற்கே அதிகம். ப்ளூ ஆள் வராத நாட்கள், விலை குறைவு. "இன்றைக்கு மட்டும் ஒரு லட்சம் தள்ளுபடி" என்று கடைசியில் மேனேஜர் வந்து குறைத்துக் கொடுத்தாரே, அந்த விலை எந்த சீசனுக்கு, எந்த அளவு அறைக்கு என்று தாளைப் புரட்டிப் பாருங்கள். குறைந்த சீசனும், தனிப் படுக்கையறை இல்லாத ஸ்டூடியோ அறையும் என்றால் அதற்குப் பெயர் தள்ளுபடி இல்லை, வேறு பொருள். ஸ்டூடியோவில் இரண்டு பிள்ளைகளோடு இப்போது சமாளிக்கலாம். பெரியது பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு? உச்ச சீசன் உரிமையே வாங்கினாலும்கூட "அறை இருப்பைப் பொறுத்து" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கத்தான் செய்யும். உங்களிடம் இருப்பது கேட்கும் உரிமை, கிடைத்தே தீரும் என்பது அதற்குள் அடங்காது.

இன்னொன்று, பெரியது இப்போது இரண்டாம் வகுப்பு. எட்டு வருடத்தில் பத்தாம் வகுப்பு, அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, கூடவே நீட் அல்லது ஜேஇஇ கோச்சிங். பின்னாடியே சின்னது அதே வரிசையில் வரும். நம் வீடுகளில் அந்த வருடங்களில் யார் ஒரு வாரம் சுற்றுலா போகிறார்கள்? நடுவில் பெரியவர்களுக்கு உடம்பு முடியாமல் போகும், வேலை மாறும், ஊர் மாறும். 25-ல் ஏழெட்டு வருடம் இப்படியே கழிந்துவிடும். சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். எத்தனை வருடம் வரைக்கும் சேர்க்கலாம், சேர்த்த இரவுகளை உச்ச சீசனில் எடுக்க முடியுமா என்பதை வாய்வார்த்தையில் கேட்காமல் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

ஈஎம்ஐ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. 4.5 லட்சத்தை 15 சதவீத வட்டியில் 48 மாதம் கட்டினால் மாதம் 12,500. வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். 5 லட்சத்து மெம்பர்ஷிப் ஆறரை லட்சமாகிவிடும், மேலே போட்ட கணக்கு எல்லாமே அந்த அளவுக்கு உங்களுக்கு எதிராகச் சாயும். கடன் வாங்கித்தான் இதை எடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

அறைக்கு வெளியே ஆகும் செலவையும் யாரும் அந்தத் தாளில் எழுதுவதில்லை. ரிசார்ட் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மலைச்சரிவில் இருக்கும். சாப்பாட்டுக்கு அவர்கள் ரெஸ்டாரன்ட்தான். நாலு பேர், மூன்று வேளை, ஐந்து நாள் என்றால் சாப்பாட்டு பில் ஒரு தனி பட்ஜெட். அது போக டாக்சி, சுற்றிப் பார்ப்பது. வெளிநாட்டு ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆர்சிஐ போன்ற பரிமாற்ற அமைப்புகளைக் காட்டுவார்கள். 1974-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த பழைய அமைப்புதான், வசதி நிஜம். ஆனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு, விமான டிக்கெட் உங்களுடையது.

விற்றுவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய மெம்பர்ஷிப்புக்கு நல்ல விலை கொடுக்க ஆள் வருவது அபூர்வம். நீங்கள் கொடுத்த விலையில் ஒரு பங்கு கம்பெனியின் விற்பனைச் செலவுக்கே போய்விடுகிறது: மால் ஸ்டால், கூப்பன், பரிசு, ஹோட்டல் ஹால், கமிஷன். வாங்குகிறவர் அதற்கெல்லாம் காசு தர மாட்டார். இதில் ஒரு நல்லதும் உண்டு. ரிசார்ட் வாழ்க்கை உங்களுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது என்றால், மீதி வருடங்களை இன்னொரு உறுப்பினரிடமிருந்து மிகக் குறைந்த விலைக்கு வாங்க முடிகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றம் உண்டா, கட்டணம் எவ்வளவு, சந்தா பாக்கி இருக்கிறதா என்பதை நேரடியாகக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்லாண்டோ, லாஸ் வேகஸ் போனால் பாதி விலையில் டிக்கெட் தருகிறோம் என்று உட்கார வைப்பார்கள். அங்கே பல இடத்தில் பத்திரமே பதிந்து கொடுப்பார்கள், அதனால் பராமரிப்புக் கட்டணத்துக்கு முடிவுத் தேதியே இருக்காது. கட்டணத்தைத் தாங்க முடியாமல் இணையத்தில் ஒரு டாலருக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மனசு மாறினால் ரத்து செய்ய ஃபுளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7, நெவாடாவில் 5 நாள் சட்டமே அவகாசம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள், அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்கவும் தடை. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன அவகாசம் எழுதியிருக்கிறதோ அதுதான், ஆகவே கையெழுத்துக்கு முன்னால் தேட வேண்டிய முதல் பத்தி அதுவே.

அப்படியானால் யாருக்கு இது சரிப்படும்? எனக்குத் தெரிந்து ஒரு வகையினருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஓய்வு பெற்றவர்கள், அல்லது பிள்ளைகள் தலையெடுத்து வெளியே போய்விட்ட ஐம்பது வயதுத் தம்பதிகள். ஜூலையில் குடகு, செப்டம்பரில் மூணாறு என்று கூட்டம் இல்லாத வார நாட்களில் போகக்கூடியவர்கள், ஒரே இடத்தில் நாலைந்து நாள் ஆற அமர இருப்பதை விரும்புகிறவர்கள், கையில் முழுப்பணமும் இருக்கிறவர்கள். இவர்கள் ஏழு இரவையும் வீணாக்காமல் எடுப்பார்கள். ஆனால் அவர்களும் 25 வருடத் திட்டத்தை எடுக்கும் முன் வயதைக் கூட்டிப் பார்க்க வேண்டும், குறுகிய காலத் திட்டம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் மாற்று ரொம்பச் சாதாரணமானது. அந்த 5 லட்சம் கையில் இருந்தால் எஃப்டியில் போடுங்கள். 7 சதவீதம் கிடைத்தால் வருடம் 35,000 வரும். சந்தாவுக்கு எடுத்து வைத்திருந்த 20,000 சேர்த்தால் வருடத்துக்கு 55,000 ரூபாய் சுற்றுலாவுக்கு மட்டும். ஒரு வருடம் கொடைக்கானலில் தமிழ்நாடு ஹோட்டல், ஒரு வருடம் வயநாட்டில் ஹோம்ஸ்டே, இன்னொரு வருடம் எங்கேயும் போகாமல் சேர்த்து வைத்து அந்தமான். விலைவாசி ஏற ஏற அந்த 55,000-க்கு இப்போது கிடைக்கும் இரவுகள் கிடைக்காது என்பது நிஜம்தான். ஆனால் அசல் 5 லட்சம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது, வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுநாளே எடுக்கலாம். மெம்பர்ஷிப்பில் அது நடக்காது. பணம் கையில் இல்லையென்றால், கட்ட இருந்த ஈஎம்ஐயில் பாதியை ஆர்டி போடுங்கள். மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு 72,000 சேரும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை. அவர்கள் காட்டிய ரிசார்ட்டுகளில் உங்களுக்குப் பிடித்த மூன்றை எடுத்து, அடுத்த மே மாதத்தில் உங்களால் போக முடிந்த தேதிக்கு, ஹோட்டல் புக்கிங் ஆப்பில் தேடுங்கள். இந்த ரிசார்ட்டுகளில் பலவற்றில் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் அறை கொடுக்கிறார்கள். வெளியாளுக்கு என்ன வாடகை என்று பாருங்கள். 6,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். அதிகமாக இருந்தால், அதே தேதிக்கு உறுப்பினராக இருக்கும் ஒரு நண்பரையோ சொந்தக்காரரையோ அவர் கணக்கில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியாளுக்குக் கிடைக்கும் அறை உறுப்பினருக்குக் காட்டுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

50,000 முன்பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்க வேண்டாம். போனில் பேசிக்கொண்டிருந்தால் அவகாச நாட்கள் ஓடிவிடும். ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் ஒன்று போடுங்கள். ஈஎம்ஐக்கு வங்கிக்குக் கொடுத்த அனுமதியையும் எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லுங்கள். வாயால் கொடுத்த வாக்குறுதி எல்லாவற்றையும் எழுதி, அந்த வெள்ளைத்தாளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கோயம்புத்தூரிலேயே, வழக்குப் போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடைசியாக, மெம்பர்ஷிப் எடுத்தவர்களுக்கு ஒரு புது அழைப்பு வருகிறது. "உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் ரெடி, நல்ல விலை, ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்பார்கள். உறுப்பினர் எண், கட்டிய தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பத் தோன்றும். முன்பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண் அது.